நீ போடச் சொன்ன அவரை

அம்மா,

காலையில் மாடியில் தக்காளிச் செடியின் பக்கக் கிளைகளை ஒடித்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அந்தப் பச்சை வாசம் விரல்களை விட்டுப் போகவில்லை. சிதம்பரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டில் எனக்கு வாய்த்தது சில தொட்டிகள்தான். விரலை முகர்ந்தபடி நின்றேன். உன் கையில் எப்போதும் இருந்த வாசம் இது. நீ தலை பின்னிவிட்டால் என் கூந்தலிலும் ஏறிவிடும்.

திட்டக்குடிப் பக்கம் காட்டு வேலை செய்து வளர்ந்தவள் நீ. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்ததும், செம்மண்டலம் வீட்டின் பின்பக்கத்தைக் கொத்த ஆரம்பித்தாயாம். எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தாய். அண்ணன் தன் வெண்டைக்காயை யாரையும் தொடவிடவில்லை. தெருவிலேயே பெரிய காய் தன்னுடையதாக இருக்க வேண்டுமாம். கடைசியில் அதை நீ சாம்பாரில் போட்டாய். அப்பா வெகுநேரம் மென்றுவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா அடுப்பெரிக்க ஆயிருக்கும்டா." அண்ணனே சிரித்துவிட்டான்.

நான் ஏழாவது படித்தபோது வந்த புயலில் தோட்டமே படுத்துவிட்டது. விடிந்து கதவைத் திறந்தால், முருங்கை மரம் வேரோடு சாய்ந்து பாத்திகளின் மேல் கிடந்தது. அப்பா படியில் உட்கார்ந்து, "எல்லாம் போச்சு" என்றார். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாய்.

"மரந்தான சாஞ்சிது. கீர வாடறதுக்குள்ள உருவுங்க."

கரண்டும் இல்லை, கடையும் இல்லை. அண்ணனும் நானும் கூடையில் கீரையைச் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தோம். நீ கிளைகளை வெட்டி, வெட்டிய இடத்தில் சாணியை அப்பி, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கொம்பு கொடுத்தாய். பிறகு எங்கள் தெருவில் முருங்கைக்காயை விலைக்கு வாங்கியவர் யாருமில்லை.

கடைசியாக நீ ஆஸ்பத்திரியில் கிடந்தது ஆடி மாதம். ஒரு மத்தியானம் கண் திறந்ததும் அப்பாவைக் கேட்டாய்.

"ஏங்க, அவர வெத போட்டீங்களா? ஆடி போயிடப் போவுது."

"இப்ப அதா முக்கியம்? நீ நல்லபடியா வந்து நீயே போடு."

"நான் வரும்போது வர்றேன். நீங்க போட்ருங்க. சமையல் ரூம்ல, சாம்பல்ல கலந்து வெச்சிருக்கேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த நிலையிலும் விதையா என்று நினைத்தேன். அப்பா மறுநாளே போய்ப் போட்டுவிட்டு வந்தார். ஆவணியில் நீ போய்விட்டாய்.

கொடியை யாரும் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் அது தானாகவே பந்தல் ஏறி, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அப்பா தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். அவர் சமையலுக்கு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவளுக்குத் தெரியும் பாப்பா," என்றார் தலை நிமிராமல். "டாக்டர் எங்கிட்ட சொன்னத கேட்டுட்டா. அன்னிக்குதான் வெதய பத்திக் கேட்டா."

பொரியலில் உப்பு ஜாஸ்தி. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அப்பாதான் முதலில் சாப்பிட்டார். "சாப்புடுங்க. நாம சாப்புடத்தான போடச் சொன்னா." சாப்பிட்டோம் அம்மா. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அண்ணன் போன் செய்தான். எப்போது திரும்புவேன், என்ன சேதியோடு திரும்புவேன் என்று தெரியவில்லை. காலியாகக் கிடந்த ஒரு தொட்டியைக் கிளறி, சிறுகீரை விதையைத் தூவி, தண்ணீர் விடச் சொல்லிக் கீழ்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் திரும்பியபோது கீரை பறிக்கும் பதத்தில் இருந்தது. கிளம்பும்போது நான் அழவில்லை அம்மா. அந்தக் கீரையைப் பறிக்கும்போதுதான் அழுதேன்.