அக்கா திறந்த கேம் பெட்டி

ஜூன் 3, 2025, செவ்வாய்

அக்கா அருணாதேவி போளூரிலிருந்து வந்து இருபது நாள். மாமாவோடு சண்டை என்பதற்கு மேல் வாயே திறக்கவில்லை. சாப்பிடுகிறாள், படுக்கிறாள்.

இன்று வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன். நாங்கள் பள்ளியில் படித்தபோது அப்பா சென்னையிலிருந்து வாங்கி வந்தது. அரைப்பரீட்சை லீவு முழுக்கக் கார் ரேஸ்தான். அக்கா எப்போதும் மஞ்சள் கார். "ஏமாத்துறாப்பா" என்று நான் அழுவேன். "நீயும் ஏமாத்துடா" என்று அப்பா சிரிப்பார். அவர் போயே நாலு வருஷம்.

டிவியில் மாட்டினால் ரைஸ்மில் சத்தம். பத்து நிமிஷத்தில் தொடமுடியாத சூடு, தானாக அணைந்துவிட்டது.

"அத்த தூக்கிப் போடு அறிவு, வெடிச்சிடப் போவுது" என்றாள் அம்மா.

அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 5

யூடியூபில் தேடினேன். தூசியும், சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் பூசி, இப்போது காய்ந்துபோன பேஸ்ட்டும்தான் காரணமாம். ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பிரித்தேன். ஃபேன் இறக்கையில் தூசி கம்பளி மாதிரி. கழற்றிய ஸ்க்ரூக்களைத் தட்டில் போட்டதில் நீளம், குட்டை எல்லாம் கலந்துவிட்டன. ஃபேன் வயரை இழுத்தபோது பின்னால் குரல்.

"இழுக்காதடா. அறுந்துடும்."

அக்கா!

பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய காலண்டர் அட்டையில் பெட்டியைப் படமாக வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தாள். பல் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் சிப்பைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"அவரு கை நீட்டுறாருடா. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல."

செல்போன் டார்ச்சைப் பிடிச்சிக்கிட்டே இருந்தேன். பொங்கலுக்குப் போனேனே — மாமா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேனே — எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு?

சிப்பைத் துடைத்து முடித்து, "புது பேஸ்ட் எங்க?" என்றாள்.

"வாங்கல."

"பிரிக்கறதுக்கு முன்னாடி வாங்கணும்டா, லூசு."

லூசு. எத்தனை வருஷம் ஆச்சு அதைக் கேட்டு.

ஜூன் 10

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பேஸ்ட் வாங்கி வந்தேன். அக்கா ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினாள். ஒரு மணி நேரம் ஆடினோம். சூடு கம்மி, சத்தமே இல்லை. ஆறு ரேஸ், ஆறிலும் நான் தோற்றேன். அப்பா நாற்காலியில் இருப்பது போலவே இருந்தது.

பிறகு அக்கா அம்மாவிடமும் சொன்னாள். அம்மா ரொம்ப நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஞாயித்துக்கெழம மாப்ள வீட்ல கூப்பிட வராங்களே" என்றாள் கடைசியில்.

ஜூன் 15, ஞாயிறு

மாமாவும் அவர் அண்ணன் வல்லரசும் வந்தார்கள்.

"குடும்பம்னா ஜாஸ்தி கம்மி இருக்கும். அனுப்பி வைங்க" என்றார் வல்லரசு.

நான் எழுந்தேன். அதற்குள் அக்காவே பேசிவிட்டாள். "அடி வாங்கறதுக்கு நான் வரலங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"அதான் சொல்லிட்டாளே. காப்பி குடிச்சிட்டு கெளம்புங்க" என்றாள் அம்மா.

ஜூன் 16

கடையிலிருந்து வந்து பீரோவைத் திறந்தால், என் சட்டைகள் மொத்தமும் கீழ்த்தட்டில் திணிபட்டுக் கிடக்கின்றன. மேலே மூன்று தட்டிலும் அக்காவின் புடவைகள்.