ஒப்புதலுக்குக் காத்திருந்த மாற்றம்

மாயாபந்தர்
அந்தமான்
9 ஜூன் 2024

அன்புள்ள நந்தாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். பெங்களூரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கண்ட நேரத்தில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. அறுந்துபோகாத நாளில் சண்டையில் முடிகிறது. இனி மெயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். எழுதும்போது யாரும் குரலை உயர்த்த முடியாது.

மழை பிடித்துவிட்டது. ஆபீஸில் என் மேஜைக்கு நேர் மேலே ஒழுகுகிறது. கம்ப்யூட்டருக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, பக்கத்து மேஜையில் ஒண்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன். கப்பல் தாமதமாம், வெங்காயம் வரவில்லை.

சம்பளமில்லாத அந்த வில்லோ வேலையும் நடக்கிறது. விடியற்காலையில் நெட் கொஞ்சம் ஓடும். ஆபீஸுக்குப் புறப்படும்வரை உட்கார்ந்துவிடுகிறேன். வாராவாரம் அந்தச் சோதனை நிரல், வில்லோ நிரல்மொழியின் ஆவணப் பக்கங்களில் இருக்கும் இணைப்புகளையெல்லாம் தட்டிப் பார்த்து, திறக்காதவற்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அவற்றைச் சரிசெய்வது சுலபம். திறக்கிற பக்கங்கள்தான் தலைவலி. பக்கம் திறந்தாலே நிரலுக்குப் போதும், எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். உள்ளே இருப்பது பழைய ஆள் எழுதியதுதானா என்று அதற்குத் தெரியாது. அதை நான்தான் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று அவசரம். தொடக்கநிலைப் பாடத்தில், விண்டோஸில் வில்லோவை நிறுவ எளிய வழி என்று வெளித்தளம் ஒன்றுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறோமே, அதை நடத்தியவர் தளத்தைக் கைவிட்டுவிட்டார். அந்த முகவரியை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். பார்வைக்குப் பழைய பக்கம் மாதிரியே இருக்கிறது. ஆனால் அது இறக்கித் தரும் கோப்பு வேறு. எனக்குப் பயமாக இருக்கிறது. நம்முடைய சொந்தப் பக்கத்துக்கே இணைப்பை மாற்றி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒப்புதல் கொடுக்காமல் அது வெளியே போகாது. தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

"என்னா புள்ள, மாப்புள்ள தீவாளிக்கு வருவாரா?" என்று அப்பா கேட்கிறார். நானும்தான்.

அன்புடன்,
அகிலா


பெங்களூரு
23 ஜூன் 2024

அன்பு அகிலா,

உன் கடிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் பதில் எழுத நேரம் கிடைத்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே நாள் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்றே தெரிவதில்லை. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கூட்டம், அலுவலகத்தில் நாலு கூட்டம். வில்லோ ஆவணப் பிரிவுக்குத் தலைவனாக இருக்கிறேன் என்பதால்தான் இந்த நிறுவனம் என்னை எடுத்தது. இப்போது அந்த ஆவணங்களைப் பார்க்கத்தான் நேரமில்லை.

உன்னுடைய மாற்றங்கள் நிறையக் காத்திருக்கின்றன, தெரியும். ஒரு சங்கடத்தைப் புரிந்துகொள். நாம் கணவன் மனைவி என்று அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலும் போலந்திலும் இருப்பவர்களுக்கு உன் பெயரும் என் பெயரும் வெறும் இரண்டு இந்தியப் பெயர்கள். நீ அனுப்புவதையெல்லாம் நான் உடனுக்குடன் ஏற்றுக்கொண்டால், நாளைக்குத் தெரியவரும்போது பேச்சு வரும். வேறு யாராவது முதலில் பார்க்கட்டும். பிறகு நான் ஒப்புதல் போடுகிறேன்.

நீ இங்கே வந்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? உன் வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை, நீண்ட விடுப்பு போட்டுப் பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. மெயின்லாண்டில் அவருடைய இருமலுக்கு நல்ல டாக்டரும் கிடைப்பார்.

உன் சமையலை நினைத்துக்கொண்டே ஹோட்டல் சாம்பாரைச் சாப்பிடும்,
நந்தகுமார்


மாயாபந்தர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நந்தாவுக்கு,

வேறு யாரும் பார்க்கவில்லை. இணைப்பு மாற்றத்தைப் பார்க்க யாருக்கு ஆசை வரும்? புது வசதி என்றால் பத்துப் பேர் வந்து கருத்து சொல்வார்கள். நான் அதன் அடியிலேயே இரண்டு முறை நினைவூட்டி எழுதினேன். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ஏதோ பக்கம் திறக்கவில்லையென்று, "இந்த ஆவணங்களை யாராவது உயிரோடு பார்த்துக்கொள்கிறார்களா?" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் கேட்ட பக்கத்தை நான் எப்போதோ சரிசெய்து அனுப்பிவிட்டேன். அதுவும் உங்களிடம்தான் காத்திருக்கிறது. அவருக்கு என்ன பதில் எழுத? அலுப்பாக இருக்கிறது நந்தா.

மெயின்லாண்டுக்கு வரச் சொல்வதைப் பற்றி. அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "சிலோன் தோட்டத்து லயத்துலருந்து எங்களக் கப்பல்ல ஏத்துனாங்க, கட்சால் தீவுல எறக்குனாங்க. ரப்பர் மரத்த வெட்டிக்கிட்டு இருந்தோம். சுனாமி அல வந்துச்சு, கேம்ப்புக்குக் கொண்டாந்தாங்க. பொறவு இங்க. இன்னுமா?" என்றார். அவருக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். எனக்கும் அதுதான். கட்சாலைவிட்டு ஓடிவந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு எனக்கென்று ஓர் ஊர் ஆனது இந்த மாயாபந்தர்தான்.

ஒரு நல்ல செய்தி. ஜெட்டிக்குப் போகிற வழியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாரே ஜெயமணி அக்கா, அவர் வில்லோ கற்றுக்கொள்கிறார். கல்யாண வீட்டுப் படங்களைத் தேதிவாரியாக, வீட்டுப் பெயர்வாரியாகப் பிரித்து வைக்க ஒரு சின்ன நிரல் எழுத வேண்டுமாம். "தமிழ்ப் பொண்ணுங்களுக்கு அக்கா, பெங்காலிங்களுக்கு தீதி, இனிமே கம்ப்யூட்டருக்கும் நான் தீதிதான்" என்று ஒரே கும்மாளம். அவருடைய மடிக்கணினியில் நானே நிறுவிக் கொடுத்து, நம் தொடக்கநிலைப் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட பக்கத்தை என் கண்ணெதிரே ஒருவர் படிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். சந்தோஷமாக இருந்தது.

அந்த ஒரு மாற்றத்தை மட்டுமாவது பாருங்கள்.

அகிலா


மாயாபந்தர்
12 செப்டம்பர் 2024

நந்தா,

போனில் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஜெயமணி அக்கா ஆபீஸுக்கே ஓடிவந்தார். மழையில் குடைகூட இல்லை. "அகிலா, கடைக்கு வந்து தேக்கோ, நீயே பாரு. எந்தப் படமும் தொறக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் பேரு மாறிப்போச்சு. இங்கிலீஷ்ல ஏதோ காசு கேக்குது" என்றார்.

போய்ப் பார்த்தேன். கடையின் பெரிய கம்ப்யூட்டர் முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. கூடவே சொருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கும். எப்படி நடந்தது என்று கேட்டேன். "நீ சொன்ன பக்கத்தப் பாத்துதான்மா செஞ்சேன். லேப்டாப் சின்னதா இருக்கே, இதுலயும் போட்டுக்கலாம்னு நானே எறக்குனேன். ஒன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னு" என்றார்.

பாடத்தைத் திறந்து எதைத் தட்டினார் என்று காட்டச் சொன்னேன். அதே இணைப்புதான்.

அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் ஒப்புதல் எப்படியும் வந்துவிடும் என்றுதான் இருந்துவிட்டேன்.

முதலில் அந்தப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அகிலா


பெங்களூரு
20 செப்டம்பர் 2024

அன்பு அகிலா,

உன் கடிதம் கண்டதும் ஒப்புதல் போட்டுவிட்டேன். இணைப்பு மாறிவிட்டது. ஜெயமணி அக்காவை நினைத்தால் மனசு கனக்கிறது. இங்கே பாதுகாப்புத் துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். பூட்டியவர்கள் திறந்தால்தான் உண்டு, அவர்களை நம்பவும் முடியாது என்கிறார்.

வேறு இரண்டு நாடுகளிலிருந்தும் புகார் வந்திருக்கிறது. அதனால் நேற்று வில்லோ குழுவில் அவசரக் கூட்டம் போட்டார்கள். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை, நீ கவலைப்படாதே. இணைப்புகளைப் பார்க்கும் முறையை மாற்ற வேண்டும் என்று பொதுவாகத்தான் பேசினார்கள். யாராவது உன்னிடம் கேட்டால், தீவில் நெட் சரியில்லை, எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை என்று சொல். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மாதம் எனக்கு இங்கே பதவி உயர்வு பற்றிப் பேச்சு நடக்கிறது. அது முடியட்டும். பிறகு நாம் நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசிக்கலாம்.

மருந்து ஒழுங்காகச் சாப்பிடச் சொல் அப்பாவை.

உன்,
நந்தகுமார்


மாயாபந்தர்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள நந்தாவுக்கு,

அந்தக் கூட்டத்தின் பதிவை எல்லோரும் பார்க்கும்படி போடுவார்கள் என்பதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நெட் விட்டு விட்டு வந்ததால் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஆனால் முழுக்கப் பார்த்தேன்.

பெயர் சொல்லவில்லைதான். "இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் கவனிக்கவில்லை" என்றார் கூட்டத்தை நடத்திய அம்மா. உடனே இன்னொருவர், "அவர் ரொம்பத் தொலைவில் எங்கோ தீவில் இருக்கிறார், அவரிடம் எவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். உங்கள் முகம் திரையின் ஓரத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுபடி மாட்டிக்கொண்டீர்கள்.

ஜூன் மாதமே நான் அனுப்பிய மாற்றம் உங்கள் ஒப்புதலுக்காகக் கிடந்தது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் உங்கள் மனைவி என்றுகூட அதில் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு பெண் ஒழுங்காக வேலை செய்தாள் என்று சொல்லியிருந்தால் போதும்.

உங்கள் பதவி உயர்வு எனக்கும் வேண்டியதுதான் நந்தா. அதற்காக நெட்டின் மேல் பழியைப் போட்டு, நான் பார்க்கவில்லை என்று பொய் சொல்லச் சொல்கிறீர்களே, அதுதான் ஆறவில்லை. இந்த நெட்டோடு மல்லுக்கட்டித்தானே நான் பார்த்தேன்!

நேற்று கடைக்கு ஆவுடையப்பன் அண்ணன் வந்தார், ஃபாரஸ்ட்டில் வாட்சராக இருந்தவர். அவர் மனைவி வைகாசியில் தவறிப்போனார். அடையாள அட்டைக்காகப் போன வருடம் ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்றுதான் அந்த அம்மா தனியாக நின்று எடுத்துக்கொண்டது. அதைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி, வெறும் படச்சட்டத்தோடு வந்திருந்தார். ஜெயமணி அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். நான்தான் சொன்னேன். "கோயி பாத் நஹி மா, பரவால்ல, அடுத்த வாரம் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் கிடைக்காது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

அகிலா


பெங்களூரு
14 அக்டோபர் 2024

அன்பு அகிலா,

பதில் எழுதாமல் இத்தனை நாள் ஓட்டியதற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாததுதான். செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நேற்று வில்லோவின் அறிவிப்புப் பக்கத்தில் என் பெயரிலேயே எழுதிவிட்டேன். மாற்றம் ஜூனிலேயே வந்தது, இரண்டு முறை நினைவூட்டப்பட்டது, நான்தான் பார்க்காமல் விட்டேன், கூட்டத்திலும் வாய்மூடி இருந்தேன் என்று. அனுப்பியவர் என் மனைவி அகிலா என்றும் எழுதினேன். ஆவணப் பிரிவுத் தலைமையிலிருந்து விலகிக்கொண்டேன். அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பதவி உயர்வு பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீ கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

தீபாவளிக்கு வருகிறேன். போர்ட் பிளேயர் வரை விமானத்தில், அங்கிருந்து விடிகாலை பஸ்ஸில். வரலாமா?

நந்தகுமார்


மாயாபந்தர்
22 அக்டோபர் 2024

அன்புள்ள நந்தாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். அடியில் நிறையப் பேர் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் பேசிய அந்த அம்மாவும் எனக்குத் தனியாக எழுதி வருத்தம் தெரிவித்தார். ஒரு வருடத்துக்கு முன்பு யாராவது இதில் ஒரு வரி எழுதியிருந்தால் மகிழ்ந்துபோயிருப்பேன். இப்போது படித்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்தேனே என்று எழுந்து போனேன். கோபமில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை என்பதுதான் நிஜம்.

இணைப்பு வேலையை விட்டுவிட்டேன். நைஜீரியாவிலிருந்து ஒரு பெண்ணும் சேலத்திலிருந்து ஒருவரும் எடுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தார்கள். பக்கம் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே போய்ப் படியுங்கள் என்று விவரமாகச் சொல்லிக்கொடுத்தேன். இப்போதெல்லாம் விடியற்காலையில் தூங்குகிறேன்.

சாயங்காலங்களில் ஜெயமணி அக்கா கடையில் இருக்கிறேன். படம் எடுத்துக்கொண்ட வீடுகளுக்கெல்லாம் போன் செய்து, கைப்பேசியில் இருக்கும் பிரதிகளைக் கேட்டு வாங்குகிறோம். பக்கத்து வேபி கிராமத்தில் இருந்து, பர்மா வழிவந்த ஒரு கரேன் குடும்பம் கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்தது, அந்தப் படங்களையே திரும்பவும் படமெடுத்துக்கொள்ளச் சொல்லி. சிலர் திட்டுகிறார்கள். அக்கா கேட்டுக்கொள்கிறார். ஆவுடையப்பன் அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வர வேண்டாம் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பெங்களூருக்கு நான் வரப்போவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்கு வந்து போவது என்றுதான் தோன்றியது. எழுத எழுத மனசு மாறியது.

ஆனால் ஒன்று. உலகம் முழுவதற்கும் இங்கிலீஷில் சொல்லிவிட்டீர்கள். ஜெயமணி அக்காவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். "எனக்கெதுக்கும்மா இந்தப் படிப்பெல்லாம்" என்று நேற்றும் சொன்னார். அது உங்கள் தப்பில்லை அக்கா என்று எத்தனை முறை சொன்னாலும், அவரைத் தேற்றத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறார். யார் தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியோடு நேராக அவர் கடைக்குப் போங்கள். அவர் என்ன சொன்னாலும் நின்று கேளுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள், சோறு வைத்திருப்பேன்.

கடைக்குப் போகாமல் வந்தீர்களானால், அப்பா கதவைத் திறப்பார். அவருக்கு மாப்பிள்ளை மேல் பிரியம் அதிகம். நான் திறக்க மாட்டேன்.

அகிலா