முந்நூறு பேர் நம்பிய கட்டுரை

அன்புள்ள அப்பா,

முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

முந்நூறு பேர் மேற்கோள் காட்டியதாக நீங்கள் பெருமைப்படுவீர்களே, அந்த வேதியியல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். வேறொரு ஆய்வகத்து மாணவி, "உங்க முறையில சேர்மம் வரவே இல்லை மேடம்" என்று எழுதியிருந்தாள். புதுக் குடுவையில் மூன்று முறை செய்தேன், எனக்கும் வரவில்லை. பழைய குடுவையில் செய்தால் மட்டும் வந்தது; அதில் ஒட்டியிருந்த செம்புத்துகள்தான் அன்று வேலை செய்திருக்கிறது.

"நீங்களா ஏன் சொல்லணும்? பதவி உயர்வுக்கு அந்த எண்ணிக்கைதானே பலம்," என்றார் துறைத்தலைவர்.

"என்னை நம்பி இன்னும் எத்தனை பேர் மெனக்கெடணும் சார்?" என்றேன்.

இந்த வருஷம் உயர்வு இல்லை. வேலை இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

சாயங்காலம் செய்தி கேட்கும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பேச வேண்டாம், வீட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

ஆய்வக அடுப்பில் குடுவை கொதிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்