சர்க்கரைக்குக் காரணம் யார்?

14 மார்ச் 2023, செவ்வாய்க்கிழமை, காலை 7.10 மணி

பொருள்: என் இரத்தச் சர்க்கரை

அன்புள்ள மனைவிக்கு,

"உன் சமையல்தான் என் சர்க்கரையை ஏத்திவிட்டது" என்று சென்ற மாதம் 12ஆம் தேதி, உன் தம்பியின் முன்னிலையில் கூறினேன். "அப்போ நீங்களே பொங்கித் தின்னுங்க" என்று வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனாய்.

அன்றுமுதல் நானே சமைக்கிறேன். சோற்றை அறவே ஒழித்தேன். மூன்று வேளையும் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும்தான். இவற்றில் சர்க்கரை ஏது என்பது என் துணிபு.

நீ சமைத்தபோது வெறும் வயிற்றில் 168 ஆக இருந்த சர்க்கரை, நேற்று 191. டாக்டர் சிரித்துவிட்டார்.

"என்ன சார், சோத்தை விட்டுட்டுக் கிழங்கைக் கட்டிக்கிட்டீங்களா? தட்டுல பாதிக்குக் காய், கொஞ்சம் பருப்பு, ஒரு கரண்டி சோறு, அவ்வளவுதான். வீட்டுல யாரும் இப்படிப் பரிமாறினதில்லையா?"

பரிமாறியதுண்டு என்றேன். மூன்றாம் முறை சோறு கேட்டது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அறிக்கையின் நகல் ஒன்றை உன் தம்பிக்கும் அனுப்பியுள்ளேன்.

இன்று கீரை வாங்கினேன். ஆயத் தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்

இணைப்பு:
1. இரத்தப் பரிசோதனை அறிக்கை, நாள் 13.3.2023.
2. மேசைமேல் இருந்த சாவி. நீ வரும் நாளுக்கு நான் தேதி குறிப்பிடவில்லை.