வேரில்லாத காளானும் வேண்டாத சம்பந்தமும்

கண்ணு மோகனப்பிரியாவுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் சாமி புண்ணியத்துல சொகமா இருக்கறோம், அந்த நார்வே குளிர்ல நீயும் நோவு நொடி இல்லாம இருக்கோணும். இதைப் போன்ல சொன்னா பாதியிலயே சிரிச்சுபோடுவே, அதனாலதான் எழுதறேன். மேட்டுப்பாளையத்துல புதுசாக் காளான் பண்ணை போட்டிருக்கற தம்பிதுரை, ஞாயித்துக்கிழமை மகன் சுரேந்தரையும் கூட்டிட்டு நம்மூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாரு. உங்க பொண்ணுக்கு என்னங்க வேலைன்னாரு. ஜெல்லிமீன்ல எது எந்த இனம்னு வகை பிரிக்கற ஆராய்ச்சிங்கன்னேன். மீனை வகை பிரிக்க உக்கடம் மார்க்கெட்டுலயே ஆளிருக்கே, அதுக்கு எதுக்குங்க நார்வேன்னு சிரிச்சாரு. இத்தனை வருசம் பள்ளிக்கூடத்துல உயிரியல் நடத்துனவளுக்குப் பொறுக்குமா, அது மீனே இல்லீங்க, முள்ளுமில்ல செவுளுமில்ல, பவளத்துக்குத்தான் அது ஒறவுன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. அப்பறம் பெருமை பேச ஆரம்பிச்சாரு. போன மாசம் காளான் பைக்குள்ள வைக்கோல் பூரா வெள்ளையா வேர் ஓடிருச்சாம், வேர் சத்தையெல்லாம் உறிஞ்சிபோடும்னு இவரே கண்டுபுடிச்சு அத்தனை பையையும் கிழிச்சு எரிச்சுபோட்டாராம். விதை குடுத்தவனை அடிக்க வேற போனாராம். காளானுக்கு ஏதுங்க வேரு, அந்த வெள்ளை நூல்தான் காளானோட ஒடம்பே, அதுலதான் மொட்டு வரும், வெளைச்சலை நீங்களே கொளுத்திப்போட்டீங்கன்னேன். பொம்பளைங்களைப் படிக்க வெச்சா இப்படித்தான் எதுத்துப் பேசுவாங்க, கல்யாணத்துக்கப்பறம் உங்க பொண்ணு அந்த வேலைய உட்டுப்போட்டு வந்து பண்ணையப் பாக்கட்டும்னாரு. அந்த சுரேந்தர் எம்பிஏ படிச்சவனாம், அப்பன் சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டிட்டு மிக்சர் தின்னுட்டிருந்தான். உன்ற ஜெல்லிமீனுக்கும் எலும்பில்லதான், ஆனா தொட்டா கொட்டவாவது செய்யும்.

இந்தச் சம்பந்தத்துக்கு அலையா அலைஞ்சது உங்கப்பாதான். நானே ஏதாவது சொல்லலாம்னு வாயெடுக்கறதுக்குள்ள அவரு மெதுவா எந்திரிச்சு, அவங்க கொண்டாந்த பழத்தட்டைத் தம்பிதுரை கையிலயே குடுத்து, நேரமாச்சுங்க, பொறப்படுங்கன்னாரு. வந்தவங்களை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பற மனுசன் அன்னைக்கு எடத்தை விட்டு அசையல. அவங்க போனப்பறம் எம்பக்கத்துல வந்து ஒக்காந்து, ஜெல்லிமீனுக்கும் பவளத்துக்கும் என்ன ஒறவுன்னு கேட்டாரு. நீ படிக்கப் போனதுல இருந்து உன்ற படிப்பைப் பத்தி அவரு கேட்ட மொதல் கேள்வி அது. சொல்லச் சொல்லக் கேட்டுட்டே இருந்தாரு, காபி ஆறிப்போச்சு.

மகராசியா இரு கண்ணு. வாரம் ஒருக்காவாவது தலைக்கு எண்ணெய் வெய்யி, தண்ணியில கைய வுடறப்ப கையுறைய மறந்துபோடாத. இனி வாரவனுக்கு உன்ற படிப்பைப் பத்தி ஒண்ணுந் தெரியாட்டியும் போகுது, தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்சாப் போதும்.

உன்ற அம்மா,
துளசிமணி
ஆர்.எஸ்.புரம்