கண்ணை மூடினால் சரோ இல்லை

3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் பேச்சுப் பயிற்சி மிஸ். ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம். கை, கால் பரவாயில்லை. வார்த்தைதான் சண்டித்தனம். இன்று குடையைக் காட்டினார். 'பாயோங்' என்றேன். மலாய் வருகிறது, தமிழ் வரவில்லை. முப்பது வருடம் மலாய் பேசியே தொழிற்சாலை பஸ் ஓட்டியவனுக்கு இது தேவைதான்.

இன்னொன்றும் போய்விட்டது. கண் நன்றாகத் தெரிகிறது. மூடினால் மனத்தில் எந்த உருவமும் வருவதில்லை. மூளையில் அந்த இடம் அடிபட்டிருக்கிறதாம். திரும்புமா என்றேன். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

போகட்டும், சரோ சுவரில் இருக்கிறாள். என் மனைவி. போய்ப் பதினோரு வருடம். ஆல்பமெல்லாம் வெள்ளத்தில் போனது. இந்த ஒரு படம்தான் மிச்சம்.

5, புதன்
வெயில். மகன் குணா சிங்கப்பூரிலிருந்து வந்தான், ஒரு மணி நேரம். ஞாயிறு சரோவின் திதி. படையலுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று படத்தைக் கழற்றி ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வருவதற்குள் கார் தெருமுனை தாண்டிவிட்டது.

சுவரில் ஆணி மட்டும்.

6, வியாழன்
குணாவுக்கு போன். படம் என்று சொல்லப் போனால் 'கம்பார், கம்பார்' என்று மலாய்தான் வந்தது. "படம் கடையிலதான் இருக்குப்பா. ஞாயித்துக்கெழம கொண்டாந்துருவேன் லா." ஏன் கேட்கிறேன் என்று விளக்க முடியவில்லை. அவனுக்குக் கண்ணை மூடினால் அம்மா வருவாள்.

பயமாக இருக்கிறது. தெரிந்ததை எழுதி வைக்கிறேன்:
ஒட்டிய கன்னம்.
மூக்குத்தி, சிவப்புக் கல்.
மேல் பல் ஒன்று தூக்கலாக.
புருவத்தில் தழும்பு. சின்ன வயதில் செடெனாக் எஸ்டேட்டில், ரப்பர் பால்மரக் காட்டில் விழுந்தது.
எல்லாம் தெரிகிறது. முகம் இல்லை.

8, சனி
கோயில். தீபாராதனையில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மூடினால் அம்மனும் போய்விடுவாள்.
வீட்டுக்கும் யாரும் வரவில்லை. இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் பிழையும் இல்லை.

9, ஞாயிறு
மழை விட்டது. வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல். குணா பெரிய தங்கநிறச் சட்டத்தோடு வந்தான். உள்ளே ஒரு பெண். வெள்ளை வெளேரென்று, கொழுகொழு கன்னம், பட்டுச் சேலை, வரிசைப் பல். தழும்பு இல்லை.

"அம்மா அழகா இருக்காங்கல்லப்பா?"

கம்ப்யூட்டரில் ஏற்றி, திருத்திப் புதிதாகப் போட்ட படமாம். பழைய படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டதாம். கடையிலேயே எறிந்துவிட்டார்களாம். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தலையாட்டினேன்.

அவன் போனதும் படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பேனாவும் பட்டியலும் பக்கத்தில். தழும்பையாவது போட்டுவிடலாம் என்று.

புருவம் என்று எழுதியிருக்கிறேன். எந்தப் புருவம் என்று எழுதவில்லை.