பேன்ட் பையில் இருந்த பூட்டு

என்னங்க,

ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன். தூங்குகிறவரை எழுப்பிச் சண்டை போட மனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாளைக்குக் கீமோவுக்குப் போட்டுப் போகிற பேன்ட்டை அயர்ன் பண்ண எடுத்தேன். பைக்குள் மொட்டைமாடிப் பூட்டும் இரண்டு ஸ்பானரும் இருந்தன. அந்தப் பூட்டைக் காணோம் என்று இரண்டு வாரமாக வாட்ச்மேனைத் திட்டியது யார்?

கட்டி உணவுக்குழாயைத் தாண்டி ஈரலுக்குப் போய்விட்டது, எடை குறைந்தால் கீமோவைத் தள்ளிப்போடுவார்கள் என்று பயந்தீர்கள், சரி. ஆனால் எடையைப் பார்த்துத்தானே மருந்தின் அளவையே போடுகிறார்கள்? பையில் கனத்தை வைத்து மெஷினில் ஏறி, ஸ்பானருக்கும் சேர்த்தா மருந்து ஏற்றிக்கொண்டீர்கள்? போன முறை நான்கு நாள் எழுந்திருக்காமல் கிடந்தீர்களே. நாளைக்கு நர்ஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்வேன்.

ராகிக் கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி ஃபிளாஸ்க்கில் வைத்திருக்கிறேன். சிங்க்கில் ஊற்றாதீர்கள். பதினொரு மணிக்கு மாதா கோவிலிலிருந்து பவுல்சாமி அண்ணன் நற்கருணை அப்பம் கொண்டுவருவார். "முழுசா எறங்காதுண்ணே, ஒரு துணுக்கு குடுங்க, போதும்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். லஸ் கார்னர் மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு வந்துவிடுவேன்.

ஐவி

இன்னொன்று, எழுதாமல் போக முடியவில்லை. போன கீமோ முடிந்து வந்த அன்றைக்குக் குளியலறை ஸ்டூலிலிருந்து உங்களைத் தூக்கிவிட்டேனே, மெஷின் காட்டிய எடை உங்களிடம் இல்லை என்று அப்போதே என் கைக்குத் தெரிந்தது. டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. தள்ளிப்போட்டுவிடுவாரோ என்று எனக்கும் பயம்.